நீக்கிலாஸ் அங்கிளும் மோல் வைரவரும்

நீக்கிலாஸ் அங்கிளைப் பிடிக்கவேண்டுமென்றால் எரிமலைக்குப் பின்னால் போகவேண்டும். ஸ்காபரோவில் ஏது எரிமலை என்று கேட்கிறவர்கள் பாம் லகூன் மோலுக்குள் கால் வைக்காதவர்கள். மோலின் நடுவில், நகைக்கடைக்கும் பல் டொக்டருக்கும் இடையில், இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு சீமெந்து மலை நின்றது. அதன் முதுகில் ஒரு சின்னக் கதவு. உள்ளே துடைப்பம், வாளி, ஒரு கதிரை, ஒரு பிளாஸ்க், சுவரில் அந்தோனியார் படம். அதுதான் அங்கிளின் ஒபிஸ். முப்பது வருசமாக எரிமலைக்குள் இருந்து தேத்தண்ணி குடித்த தமிழர் உலகத்தில் வேறு யாரும் இருக்கமாட்டார்கள்.

இந்த மோல் முளைத்த கதையை அவர் சொல்லித்தான் கேட்கவேண்டும். அவருக்கு அதைச் சொன்னவர் அவருக்கு முன்னால் அதே கதிரையில் இருந்த ஐரிஷ் கிழவர். ஆகவே கதையில் ஐரிஷ் புளுகும் அங்கிளின் ஊர்த் தீவுப்பகுதிப் புளுகும் சரிபாதி.

"அறுபதுகளில உதெல்லாம் உருளைக்கிழங்குத் தோட்டம்," என்று ஆரம்பிப்பார். குரலைத் தாழ்த்தி, ஏதோ அரசாங்க ரகசியத்தை அவிழ்ப்பதுபோல. "கட்டடம் கட்டுற வெள்ளைக்காரன் ஒருத்தன் கலியாணம் முடிச்சு ஹனிமூனுக்கு ஹவாய்க்குப் போனவன். போனவன் சும்மா வந்திருக்கலாம். மனிசி சொல்லிப்போட்டாவாம், இனி உந்தக் குளிருக்குள்ள இருக்கேலாதெண்டு. அவன் யோசிச்சுப் பாத்தான். ஹவாய்க்கு வீடு மாறுறதைவிட ஹவாயை இஞ்ச கொண்டு வாறது மலிவு."

"மனிசிக்குப் பிடிச்சதோ அங்கிள்?"

"மனிசி புளோரிடாவுக்குப் போட்டுது. மோல்தான் மிஞ்சினது."

திறப்புவிழா ஒரு பெப்ரவரியில் நடந்ததாம். புல்லுப் பாவாடை கட்டிய பெட்டைகள் வாசலில் நின்று ஆட, பாவாடைக்குள்ளால் கம்பளிக் காற்சட்டை எட்டிப் பார்த்ததாம். உள்ளே ஒரு குளம், குளத்துக்கு மேல் மூங்கில் பாலம், சுற்றிவர பிளாஸ்டிக் மரங்கள். முதலில் உயிருள்ள கிளிகளைத்தான் விட்டிருக்கிறார்கள். அவை சனத்தின் தலையில் எச்சமிட்டதால் அவற்றையும் பிளாஸ்டிக்காக மாற்றிவிட்டு, சத்தத்துக்கு ஒரு கசெற் போட்டார்கள். எரிமலை முதல் தடவை புகை விட்டபோது தீயணைப்புப் படை வந்தது. இரண்டாம் தடவையும் வந்தது. அதன் பிறகு எரிமலை சனிக்கிழமைகளில் மட்டும், அதுவும் போன் பண்ணிச் சொல்லிவிட்டுத்தான் குமுறும்.

தொண்ணூறுகளில் பெரிய கடைகள் ஒவ்வொன்றாக மூட, எங்கள் சனம் உள்ளே வந்தது. வந்தவுடன் செய்த முதல் வேலை, அந்த பிளாஸ்டிக் மரம் தென்னையா கமுகா என்று சண்டை பிடித்தது. அந்தச் சண்டை மோல் மூடும்வரை முடியவில்லை.

எரிமலைக்குப் பக்கத்தில் ஒரு மரச்சிலை நின்றது. ஆறடி உயரம், முட்டைக் கண், காதுவரை கிழிந்த வாய், வாய் நிறையப் பல். ஹவாயில் இருந்து வந்ததில்லை. ஒன்ராறியோத் தச்சன் ஒருவன் போஸ்ற்காட் ஒன்றைப் பார்த்துக் கொத்தியது. ஹவாய்க்காரர் யாராவது கண்டிருந்தால் அந்தத் தச்சனைத் தேடிப்போய்ப் பேசியிருப்பார்கள். என்னுடைய போன் திருத்துகிற கடை அதற்கு நேரெதிரே என்பதால், அது பல்லைக் காட்ட நான் பல்லைக் காட்ட எங்கள் இருவருக்கும் ஒவ்வொரு நாளும் விடியும்.

அந்தச் சிலைக்கு ஒரு முறை மோல் நிர்வாகம் 'ஹவாய் வாரம்' என்று சொல்லி கழுத்தில் ஒரு பூமாலை போட்டது. வினை அங்கேதான் தொடங்கியது. கார் லைசன் எடுக்கிற பரீட்சை மையம் பக்கத்து வீதியில் இருப்பதால் கார் பழகுகிறவர்கள் எல்லாரும் மோல் பார்க்கிங்கில்தான் வந்து கூடுவார்கள். அன்றைக்கு றோட் ரெஸ்ற்றுக்குப் போக இருந்த புனிதவதி அன்ரி, உள்ளே வந்து, இந்த உருவத்தைக் கண்டார். முழித்த கண், பல்லு, கழுத்தில் மாலை. சப்பாத்தைக் கழற்றினார். ரயருக்கு அடியில் வைக்கக் கொண்டுவந்த எலுமிச்சையை, எங்கள் பேச்சில் தேசிக்காயை, அதன் காலடியில் வைத்து, "வைரவரே" என்று கும்பிட்டார்.

அங்கிள் வாளியோடு ஓடி வந்தார். "அன்ரி, உது வைரவரில்லை. உது டெக்கரேசன்."

புனிதவதி அன்ரி அவரை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி, டெக்கரேசனுக்கு ஆர் மாலை போடுறது?"

அங்கிள் வாளியோடு திரும்பிப் போனார். அன்ரி அன்றைக்குப் பாஸ். அவ்வளவுதான். அடுத்த கிழமையில் இருந்து ஸ்காபரோவில் கார் பழகிய தமிழர் ஒருவரும் வைரவருக்குத் தேசிக்காய் வைக்காமல் ரெஸ்ற்றுக்குப் போனதில்லை. ஊரிலே சந்திக்குச் சந்தி நின்று பஸ்காரரைக் காத்தவர், இங்கே மோலுக்குள் குந்தியிருக்கிறார் என்று சொன்னார்கள். யாரோ கற்பூரம் கொளுத்த, தீயணைப்புப் படை மூன்றாம் தடவையும் வந்தது. நிர்வாகம் கற்பூரத்தைத் தடை செய்தது. தேசிக்காய்க்குத் தடை இல்லை.

இதையெல்லாம் ஒவ்வொரு பின்னேரமும் கூட்டி அள்ளியவர் நீக்கிலாஸ் அங்கிள். தீவுப்பகுதி நாரந்தனையில் பிறந்து, எண்பதுகளின் கடைசியில் வந்து, பார்க்டேலில் ஒரு அறைக்குள் ஒன்பது பேரோடு படுத்து, ஹோட்டலில் கோப்பை கழுவி, பிறகு மல்வேர்னில் ரவுன்ஹவுஸ் எடுத்து, பஸ்ஸிலேயே இந்த மோலுக்கு வந்துபோன மனிதர். ஞாயிற்றுக்கிழமை பூசை தவறவிடாதவர். சிலையைக் கடக்கும்போது முகத்தை மற்றப் பக்கம் திருப்புவார். ஆனால் தேசிக்காயை மட்டும் கவனமாகப் பொறுக்கி, துடைத்து, ஒரு பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோவார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

போன மாரியில் செய்தி வந்தது. மோலை இடித்து அடுக்குமாடி கட்டப் போகிறார்கள். கடைக்காரர் எல்லாரும் வேறு இடம் பார்த்தோம். அங்கிளுக்கு மட்டும் நிர்வாகக் கொம்பனி ஒரு வேலை கொடுக்க ஒத்துக்கொண்டது. பக்கத்து ஊரான அஜக்ஸில் இரண்டு பிளாசா. ஸ்னோவுக்குப் போடுகிற உப்பும் சாமானும் ஏற்றிய வானை ஒன்றில் இருந்து மற்றதுக்கு ஓட்டிக்கொண்டு போய்ப் பார்க்கவேண்டும். மகள் ஸ்டெபனியின் வீடும் அஜக்ஸில்தான். எல்லாம் வாய்த்து வந்தது. ஒன்றே ஒன்றுதான் குறை. அங்கிளிடம் லைசன் இல்லை. மோல் மூடும் நாளுக்குள் எடுத்தால் வேலை. எடுக்காவிட்டால் வீட்டில் இருக்கவேண்டியதுதான். பென்சனுக்கு இன்னும் காலம் கிடந்தது.

அவர் எத்தனை தடவை ரெஸ்ற் எடுத்தார் என்பது அவருக்கே மறந்துபோயிருந்தது. பரீட்சை மையத்தில் இருக்கிற பெட்டை அவரைக் கண்டால் "ஹலோ நிக்" என்று பேர் சொல்லிக் கூப்பிடுமளவுக்கு எடுத்திருந்தார். ஒவ்வொரு தடவையும் ஒரே குற்றம். முன்னால் போகிற காரின் முதுகில் போய் ஒட்டுவார்.

அவருக்குக் கார் பழக்கியவர் பொன்னம்பலம் அண்ணை. ஸ்காபரோவில் பாதிப்பேருக்கு அவர்தான் ஸ்ரியறிங் பிடித்துக் கொடுத்தவர். காருக்குள் அவர் கத்துவது பார்க்கிங்கின் மற்றத் தொங்கலில் கேட்கும்.

"ஐசே, இடைவெளி விடும். ஒரு கார் நிக்கிற அளவுக்கு விடும்."

"விட்டால் பூந்திடுவாங்கள், அண்ணை."

"பூந்தால் பூரட்டும். உமக்கென்ன?"

"அதெப்பிடி விடுறது? நான் முதல் வந்தனான்."

ஊரில் தட்டுப்பாட்டுக் காலத்தில் பாண் கியூவிலும் மண்ணெண்ணெய்க் கியூவிலும் நின்று வளர்ந்த உடம்பு. முன்னால் நிற்பவரின் முதுகுக்கும் தன் நெஞ்சுக்கும் நடுவில் காற்றுப் போக விட்டால் அன்றைக்குப் பாண் இல்லை என்று அந்த உடம்புக்குத் தெரியும். சுப்பர் மார்க்கெற்றில் அவருடைய வண்டில் முன்னால் நிற்கிறவரின் குதிக்காலில் முட்டிக்கொண்டுதான் நிற்கும். தேவாலயத்தில் நற்கருணைக்கு வரிசையில் போகும்போதும் முன்னால் போகிறவர் இரண்டு தடவை திரும்பிப் பார்ப்பார். காருக்குள் ஏறினால் மட்டும் அந்தப் பழக்கம் இறங்கிப் போய்விடுமா?

ஸ்டெபனி ஒரு சனிக்கிழமை அவரை ஓட்டவிட்டுப் பக்கத்தில் இருந்தாள். திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"அப்பா, சீரியஸ்லி. அந்த ட்றக்கின்ர நம்பர் பிளேற்றில இருந்த ஊத்தையை நான் பாத்தனான். ஊத்தையை."

"பாத்தியோ? அப்ப உனக்குக் கண் நல்லாத்தான் தெரியுது," என்றார் அங்கிள்.

மோலில் எல்லாரும் ஒரே புத்திதான் சொன்னோம். ஒரு தேசிக்காய் வையுங்கோ அங்கிள். அவர் மோப் தடியை ஊன்றி நிமிர்ந்து நிற்பார். "நான் வேதக்காரன். எனக்கு அந்தோனியார் இருக்கிறார்."

"அந்தோனியார் துலைஞ்ச சாமானைத்தானே தேடித் தருவார்?" என்று நான் ஒரு நாள் கேட்டேன். "உங்களிட்ட லைசன் இருந்து துலைஞ்சால்தானே அங்கிள்?"

மோப் என் சப்பாத்தை நனைத்தது.

கடைசி மாதத்தில் றோசலின் அன்ரி, அங்கிளின் மனைவி, மோலுக்கு வந்தார். பிரியப்போகிற சனத்துக்குக் கொடுக்கவென்று ஒரு பை நிறைய ஊறுகாய்ப் போத்தல்கள். ஒவ்வொன்றின் மூடியிலும் நீலப்பூப் போட்ட துணி கட்டியிருந்தது. அன்ரியின் தேசிக்காய் ஊறுகாய் மோலிலே பேர்போனது. வருசா வருசம் பெருநாளுக்கு எங்களுக்கெல்லாம் வரும். பொன்னம்பலம் அண்ணை பிளாஸ்டிக் மரத்துக்குக் கீழே இருந்து, புட்டோடு அதைத் தொட்டு நக்கிவிட்டுக் கண்ணை மூடினார்.

"தங்கச்சி, உந்தத் தேசிக்காய் எங்கை வேண்டுறனீங்கள்? நானும் எல்லாக் கடையிலும் வேண்டிப் பாத்திட்டன். உந்தச் சாறு இல்லை."

"வேண்டுறதோ?" றோசலின் அன்ரி சிரித்தார். "உது உங்களிட்டக் கார் பழகுற பிள்ளையள் வைக்கிறதுதானே, அண்ணை. இவர் ஒவ்வொரு நாளும் பொறுக்கிக்கொண்டு வாறவர். எறிஞ்சால் பாவமெல்லோ."

கசெற்றில் கிளி கத்தியது. பொன்னம்பலம் அண்ணையின் விரல் வாய்க்கும் கோப்பைக்கும் நடுவில் நின்றது. அவர் மெல்லத் திரும்பிச் சிலையைப் பார்த்தார். சிலை எல்லாப் பல்லையும் காட்டிக்கொண்டு நின்றது.

"நீக்கிலாஸ்," என்று கூப்பிட்டார்.

அங்கிள் எரிமலைக்குள் இருந்து தலையை நீட்டினார்.

"என்ன காணும் செய்து வைச்சிருக்கிறீர்? வைரவருக்கு வைச்சதை எடுத்து ஊறுகாய் போட்டால் உமக்கு எந்தக் காலத்திலயடாப்பா லைசன் கிடைக்கும்?"

"நீங்களும்தானே அண்ணை சாப்பிட்டனீங்கள். இத்தினை வருசமா."

"அதுதான் எனக்குக் கொலஸ்ரரோல்," என்றார் பொன்னம்பலம் அண்ணை. பிறகு சுற்றிவரப் பார்த்துவிட்டு, எடுத்த விரலை வீணாக்காமல் வாய்க்குள் வைத்தார்.

சிரித்தோம். அன்ரி சிரிக்கவில்லை. அன்ரி ஒரு கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே யோசித்துக்கொண்டிருந்தார். போகும்போது எரிமலைக் கதவடியில் நின்று சொன்னது என் கடைவரை கேட்டது.

"இஞ்சேருங்கோ. அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்துறன். ஆனால் உவருக்கும் ஒரு தேசிக்காயைத் திருப்பிக் குடுத்தால் என்ன? எடுத்தது நாங்கள்தானே."

"விசர்க்கதை கதையாதையும்."

"வேலை போனால் வீட்டில இருந்து என்ன செய்யப்போறியள்? ஸ்டெபனியின்ர வீட்டுக்கு ரெண்டு பஸ்ஸும் ஒரு றெயினும் மாறி, அவளிட்ட உப்புக் கேட்டுப் போகப்போறியளோ?"

அங்கிள் கதவைச் சாத்திக்கொண்டார். எரிமலை அன்றைக்குப் புகை விடவில்லை. ஆனால் உள்ளே ஏதோ குமுறியது.

ரெஸ்ற் மோல் மூடுகிற கிழமையில் வந்தது. இனி மூடும்வரை வேறு திகதி இல்லை. அன்று காலை நான் கடைச் சாமான்களைப் பெட்டியில் அடுக்க நேரத்தோடு வந்திருந்தேன். கடைகள் பெரும்பாலும் காலி. அங்கிள் ரெஸ்ற்றுக்கென்று தேய்த்த சேட்டு, அதற்கு மேல் குளிர் யக்கெற் போட்டுக்கொண்டு, எரிமலையடியில் மோப் அடித்துக்கொண்டிருந்தார். தண்ணி இல்லாத மோப். அடித்த இடத்திலேயே அடித்தார். யக்கெற் பொக்கற் உருண்டையாகப் புடைத்திருந்தது. கடையில் காசு கொடுத்து வாங்கிய தேசிக்காயாக இருக்கவேண்டும். பளபளவென்று ஒரு விளிம்பு தெரிந்தது.

அவர் ஏன் வைக்காமல் நிற்கிறார் என்று நிமிர்ந்து பார்த்தேன். சிலை நின்ற இடத்தில் நிலத்தில் ஒரு வட்டமும் நாலு ஆணித் துவாரமும்தான் இருந்தன.

"எங்கை உவர்?" என்றார் அங்கிள். அதுவரை 'உது' என்றவர், முதல் தடவையாக 'உவர்' என்றார்.

"விடியக் கழட்டிக்கொண்டு போட்டாங்கள் அங்கிள். பின்பக்கத்தில ட்றக் நிக்குது. புதுக் கட்டடம் விக்கிற ஒபிஸில கொண்டு போய் வைக்கப் போறாங்களாம், விளம்பரத்துக்கு."

அவர் பொக்கற்றைத் தடவிப் பார்த்தார். வெளியே பொன்னம்பலம் அண்ணை ஹோர்ண் அடித்தார். அங்கிள் அந்த வெறும் வட்டத்தைச் சுற்றி நடந்து, வாசலுக்குப் போனார்.

அதற்குப் பிறகு நடந்ததை அங்கிள் பொன்னம்பலம் அண்ணைக்குத்தான் சொன்னார். அண்ணை அதைச் சனத்துக்குச் சொல்லிச் சொல்லி, இப்போது மல்வேர்ன் முழுவதும் மனப்பாடம்.

ரெஸ்ற் எடுக்கிறவர் தொப்பி போட்ட, சிரிக்கத் தெரியாத ஒரு மனிதர். அங்கிள் பார்க்கிங்கை விட்டு வெளியே வந்து, வலதுபக்கம் திருப்பி, பெரிய றோட்டில் ஏறினார். முன்னால் ஒரு திறந்த ட்றக். அங்கிளின் கால் தன்பாட்டில் அக்சிலேற்றரை அமத்தப் பார்த்தது. அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். ட்றக்கில், படுக்கவைத்தால் மூக்கு உடையும் என்று நிறுத்திவைத்து, நெஞ்சிலும் வயிற்றிலும் பட்டி கட்டி, பின்பக்கம் பார்த்தபடி அவர்.

முட்டைக் கண்கள். காதுவரை வாய். வாய் நிறையப் பல்.

"எப்பிடியண்ணை கிட்டப் போறது?" என்று அங்கிள் பிறகு சொன்னாராம். "என்னையே பாத்துக்கொண்டு வாறார். முப்பது வருசத்துத் தேசிக்காயும் அந்த முகத்தில தெரியுது."

கால் பின்வாங்கியது. ட்றக்குக்கும் காருக்கும் இடையில் ஒரு கார் நிற்கிற இடம் வந்தது. பிறகு ஒன்றரைக் கார். வலப்பக்க லேனில் வந்த ஒருத்தன் கண்டுவிட்டான், அந்த இடத்துக்குள் பூர சிக்னல் போட்டான். வேறு நாள் என்றால் அங்கிள் ஊர்ப் பாசையில் அவனுடைய பரம்பரையை விசாரித்திருப்பார். அன்றைக்கு, "வா ராசா, வா, பூரு," என்று கையைக் காட்டினார். அவன் புகுந்ததும் அவனுக்கும் பின்னால் இன்னும் இடம் விட்டார். ஏனென்றால் அவனுடைய கூரைக்கு மேலாலும் அந்தக் கண்கள் தெரிந்துகொண்டுதான் இருந்தன.

தொப்பிக்காரர் ஏதோ எழுதினார்.

சிவப்பு விளக்கில் ட்றக் நின்றது. அங்கிள் எங்கேயோ பின்னால் நின்றார். பச்சை வந்தது. ட்றக் இடதுபக்கம் திரும்பிப் போனது. போகும்போது பட்டி தளர்ந்ததாலோ என்னவோ சிலை மெல்ல ஒரு தரம் தலையை ஆட்டியதாம். அங்கிளின் வாயில் இருந்து வந்த பகுதி இது, நான் பொறுப்பில்லை. அதன் பிறகு முன்னால் வந்த கார்கள் ஒவ்வொன்றின் முதுகிலும் அவருக்கு அந்தப் பல்லுத்தான் தெரிந்தது.

மையத்துக்குத் திரும்பி வந்ததும் தொப்பிக்காரர் கடுதாசியை நீட்டினார். "குட் டிஸ்ரன்ஸ், சேர். வெரி குட் டிஸ்ரன்ஸ்."

பொன்னம்பலம் அண்ணை வெளியே கைகட்டி நின்றார். அங்கிள் காரில் இருந்து இறங்கி, கடுதாசியைக் காட்டாமல், பொக்கற்றுக்குள் கையை விட்டு, தேசிக்காயை எடுத்து அவருடைய கையில் வைத்தார்.

"என்ன காணும் இது?"

"வீட்டை கொண்டு போய் தேசிக்காய்த் தண்ணி போடுங்கோ. கொலஸ்ரரோலுக்கு நல்லம்."

மோல் இப்போது இல்லை. எரிமலையை இயந்திரத்தால் கொத்தும்போது நான் வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். உள்ளே அந்தக் கதிரை மட்டும் கிடந்தது. பிளாஸ்டிக் மரங்களை ஏற்றிக்கொண்டு போகும்போது, எனக்குப் பக்கத்தில் நின்ற இரண்டு கிழவர்கள் அது தென்னையா கமுகா என்று சண்டை பிடித்தார்கள்.

வீட்டு விற்பனை ஒபிஸ் இரண்டு சந்தி தள்ளி, ஒரு கண்ணாடிக் கூடாரம். சிலைக்குக் கறுத்தக் கண்ணாடி மாட்டி வாசலில் வைத்திருக்கிறார்கள். அங்கே வேலை செய்கிற சாம்பவி என்னோடு படித்தவள், இங்கே பிறந்தவள். போன கிழமை எனக்குப் போன் பண்ணினாள்.

"டேய், அந்த ரிக்கி மான் சிலைக்கு முன்னால யாரோ ஒரு போத்தல் வைச்சிருக்கினம். பிறவுணா இருக்கு, உள்ள என்னமோ மிதக்குது. மனேஜர் பொலிசுக்கு அடிக்கப் போறார். இது என்ன, லைக், செய்வினையா?"

"மூடியில நீலப்பூத் துணி கட்டியிருக்கோ?"

"ஓம். உனக்கெப்பிடித் தெரியும்?"

"பொலிசுக்கு அடிக்க வேண்டாமெண்டு சொல்லு. அவருக்கு ஒரு கரண்டி வைச்சிட்டு மிச்சத்தை நீ வீட்டை கொண்டு போ. சோத்தோட நல்லாயிருக்கும்."

"ஆர்ரா வைச்சது?"

"வெளியில பார்க்கிங்கைப் பார். வான் ஏதும் நிக்குதோ?"

அவள் கண்ணாடியடிக்குப் போகிற சத்தம் கேட்டது.

"ஒரு வெள்ளை வான் நிக்குது, உப்பு மூட்டையோட. ஆனால் என்ன பாக்கிங் இது? முன்னுக்கு நிக்கிற காருக்கும் அதுக்கும் நடுவில ஒரு பஸ் விடலாம்." கொஞ்சம் பொறுத்துச் சொன்னாள். "இப்ப ஒரு ஆள் அந்த இடைவெளிக்குள்ள தன்ர காரை விடுறார். வானுக்குள்ள இருக்கிற அங்கிள் அவருக்குக் கை காட்டி உள்ள எடுக்கிறார்."